வரையவே வராது என்பவர்கள் மனசுக்காக வரைவது எப்படி

மனசு சரியில்லாதபோது கொஞ்சம் வரைந்து பாருங்கள் என்றால் உடனே வரும் பதில், "எனக்கு வரையவே வராதே". வர வேண்டிய அவசியமே இல்லை. 2016-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் மார்க்கர், களிமண், காகிதத் துண்டுகள் என்று இஷ்டத்துக்கு எதையாவது செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஹார்மோன் குறைந்திருந்தது. வரைந்து பழகியவர்கள், பழகாதவர்கள் என்று பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் வைக்கவில்லை. ஆனாலும் திறமை இல்லை என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு இது போதும்.

முதலில் காகிதம். விலை கூடின ஓவிய நோட்டு வேண்டாம், அதில் தப்பாகப் போட்டுவிடுவோமோ என்றே கை தயங்கும். ஒரு பக்கம் அச்சான பழைய தாள் போதும். அழிரப்பரை மட்டும் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள்.

எதைக் கொண்டு வரைவது என்பதை அன்றைய மனநிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பென்சில், கலர் பென்சில், கத்தரித்து ஒட்டுவது எல்லாம் நம் கட்டுப்பாட்டில் நிற்கும். வாட்டர்கலரும் விரலால் பூசும் வண்ணமும் தண்ணீரோடு ஓடும், உள்ளே இருக்கிற உணர்ச்சியையும் சேர்த்து அவிழ்த்துவிடும். ஏற்கெனவே பதற்றம் தலைக்கு ஏறியிருக்கும் நாளில் பென்சில்தான் நல்லது. எதுவுமே உறைக்காமல் மரத்துப்போய் இருக்கிறீர்களா, அப்போது தண்ணீர் வண்ணத்தை எடுங்கள்.

சரி, என்ன வரைவது? கிறுக்குங்கள். நியூயார்க்கில் ஓவிய ஆசிரியராக இருந்த ஃப்ளாரன்ஸ் கேன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது, அவருடைய தங்கை மார்கரெட் நாம்பர்க் அதை மனநல சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். எழுந்து நின்று, கையைத் தோளிலிருந்து நாலைந்து தடவை வீசிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் காகிதம் முழுக்கக் கோடு ஓடவிடுங்கள். அப்புறம் தாளை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எங்காவது ஒரு முகமோ, படிக்கட்டோ, ஒரு பிராணியோ தட்டுப்படும். அதை மட்டும் வண்ணம் போட்டு எடுத்துக்காட்டி, ஒரு தலைப்பு கொடுத்துவிட்டு, அந்த உருவமே பேசுகிற மாதிரி "நான்..." என்று தொடங்கி மூன்று வரி எழுதுங்கள்.

இந்த மூன்று வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சில நாள் ஒரு மூலையில் மட்டும் கிரேயானைக் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருப்பீர்கள், அழுத்தியதே அப்போது தெரிந்திருக்காது. "ஏன் இப்படிச் செய்தேன்" என்று கேட்டால் மனசு வக்கீல் மாதிரி காரணம் அடுக்கும்; "இங்கே என்ன இருக்கிறது" என்று கேளுங்கள், பதில் வேறு மாதிரி வரும். கறுப்பு என்றால் மனச்சோர்வு, சிவப்பு என்றால் கோபம் என்று எழுதிவைத்திருக்கும் பட்டியல்களை நம்ப வேண்டாம். உங்கள் கறுப்பு எதைச் சொல்கிறது என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும். வீட்டில் வேறு யாராவது வரைந்திருந்தால் அவர்கள் படத்துக்கும் நீங்கள் அர்த்தம் சொல்லாதீர்கள். வரைந்ததை உடனே ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம், அடுத்த தடவை பார்ப்பவர்களுக்காக வரைய ஆரம்பித்துவிடுவீர்கள்.

வெற்றுத் தாளைப் பார்த்தாலே திணறுகிறது என்றால் மண்டலா என்னும் வட்டக் கோலம் மாதிரியான வடிவத்துக்கோ, கட்டம் போட்ட வடிவத்துக்கோ வண்ணம் போடுங்கள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் வெறும் தாளில் இஷ்டத்துக்கு வரைந்தவர்களைவிட இப்படி வண்ணம் போட்டவர்களுக்குப் பதற்றம் அதிகமாகக் குறைந்தது. அந்த நேரத்துப் படபடப்பை அடக்க நல்ல வழி, ஆனால் வண்ணப் புத்தகத்தையே சிகிச்சை என்று விற்பதை நான் ஏற்கமாட்டேன்.

படம் ஒத்துவரவில்லை என்றால் எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் அடுத்தடுத்து நாலு நாள், தினம் 15 நிமிடம், மனசை அழுத்தும் சம்பவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனத்துத்தான் போனது. பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. ஆகவே முதல் நாள் அழுகை வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் எழுதினால் தாங்கவே முடியாது என்று தோன்றும் விஷயத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். பாட்டு கேட்கிறவர்கள் சோகத்தில் எடுத்த எடுப்பிலேயே குத்துப்பாட்டைப் போடாமல், இருக்கிற மனநிலைக்கு ஒத்த பாட்டில் தொடங்கி மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டு போங்கள், இசை சிகிச்சையில் பழைய முறை அது.

நடுவில் பழைய காட்சி கண்முன் ஓடுகிறது, உடம்பு நடுங்குகிறது, நாம் எங்கே இருக்கிறோம் என்பதே நழுவுகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். காகிதத்தைக் கவிழ்த்துவிட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றி, சுற்றியிருக்கும் பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். இது திரும்பத் திரும்ப நடந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது வாய்திறந்து சொல்லுங்கள், உதவி எண்ணை அழையுங்கள், அந்த நேரத்தில் வரைவதை நம்பி உட்காராதீர்கள்.

கலைவழி சிகிச்சை என்பது பயிற்சி பெற்றவர் ஒருவர் கூடவே இருந்து நடத்துவது. போகிற இடத்தில் அவர் என்ன பயிற்சி எடுத்தார், வரைந்த படங்கள் யாரிடம் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டில் வரைந்தவற்றின் பின்பக்கம் தேதி போட்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், முதல் சந்திப்பில் பேச்சைத் தொடங்க உதவும்.