அட்டவணை மீட்பு எதுவரை வந்திருக்கிறது? போஸ்ட்கிரஸில் கணக்கிடும் முறை

மொரிஷியஸில் புயல் பருவத்தில் அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவருக்கு, 'இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?' என்பது தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசக்கூடிய நேரத்துக்கு முன்னர், இயன்றவரை 6 மணி நேரப் பகல் வெளிச்சம் மக்களுக்குக் கிடைக்கும்படி மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. அதன்பின் அலுவலகத்தில் யாரும் இருக்கப்போவதில்லை, மின்சாரமும் நிச்சயமில்லை. போர்ட் லூயிஸில் மொத்த வணிகம் செய்யும் ஒரு கடை, தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸில் வைத்திருந்த விற்பனை அட்டவணையை யாரோ தவறுதலாக அழித்துவிட்டார் என்றும், அதை பேக்கப்பிலிருந்து மீட்கும் வேலை அதற்கு முந்தைய கட்டமான இரண்டாம் வகுப்பு எச்சரிக்கையின்போது நடக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வேலையைத் தொடரவிடுவதா, நிறுத்தி சர்வரை அணைப்பதா என்று முடிவெடுக்க, திரையில் ஓடும் எழுத்துகள் போதா. நம்பத்தகுந்த கணக்கு வேண்டும்.

மீட்பை எப்படித் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே அதை அளக்க முடியும். பேக்கப்பை மீட்கும் பிஜி_ரெஸ்டோர் கட்டளையில் சிறிய 'டி' (-t) என்ற விருப்பத்தைக் கொடுத்து அட்டவணையின் பெயரை மட்டும் சொன்னால், அட்டவணையும் அதன் பதிவுகளும் வருமே தவிர, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களும், ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியும் வருவதில்லை. ஆகவே சிறிய 'எல்' (-l) விருப்பத்தால் பேக்கப்பின் உள்ளடக்கப் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து, நமக்கு வேண்டிய அட்டவணை, அதன் தரவு, வரிசை எண் தரும் சீக்வென்ஸ், இயல்பு மதிப்பு, இண்டெக்ஸ்கள், சாவிகள் ஆகியவற்றின் வரிகளை மட்டும் விட்டுவைத்து, அந்தப் பட்டியலைப் பெரிய 'எல்' (-L) விருப்பத்தால் திருப்பிக் கொடுப்பதே சரியான வழி. பிற அட்டவணைகளைச் சுட்டும் அயல் சாவிகளின் வரிகளை இப்போதைக்கு நீக்கிவிடலாம். மீட்பதும் நேரடியாக வேலை நடக்கும் தரவுத்தளத்தில் அல்ல, தனியாக உருவாக்கிய ஒரு வெற்றுத் தரவுத்தளத்தில் நடக்கட்டும்.

இதே கட்டளையை 'செக்‌ஷன்' விருப்பத்துடன் மூன்று தடவையாக ஓட்டுவதை நான் வலியுறுத்துவேன்: முதலில் கட்டமைப்பு, அடுத்து தரவு, கடைசியில் இண்டெக்ஸ்களும் கட்டுப்பாடுகளும். முதற்பகுதி நொடிகளில் முடிந்துவிடும். மற்ற இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்பவை. அவற்றை ஒரே சதவீதத்துக்குள் அடைத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இராது.

தரவு ஏறும்போது பலரும் முதலில் செய்வது, இன்னொரு இணைப்பைத் திறந்து பதிவுகளை எண்ணிப் பார்ப்பது. விடை பூஜ்யம் என்று வரும். வேலை நடக்கவில்லை என்று அதற்குப் பொருளல்ல. ஓர் அட்டவணையின் தரவு முழுவதும் ஒரே காப்பி கட்டளையாக ஏறுவதால், அது முடிந்து உறுதியாகும்வரை அதன் பதிவுகள் பிற இணைப்புகளின் கண்ணுக்குத் தெரியமாட்டா. பார்க்கவேண்டிய இடம் பிஜி_ஸ்டாட்_புரோகிரஸ்_காப்பி என்ற காட்சி, அதாவது நடப்பு நிலையை அட்டவணை போலக் காட்டும் ஏற்பாடு. 2021இல் வெளியான 14ஆம் பதிப்பிலிருந்து இது இருக்கிறது. இதில் இதுவரை ஏறிய பைட்டுகளும் பதிவுகளும் தெரியும். ஆனால் மொத்த பைட்டுகளுக்கான கட்டத்தில் பூஜ்யமே நிற்கும். பிஜி_ரெஸ்டோர் தரவைக் கோப்பாகத் தராமல் இணைப்பின் வழியே அனுப்புவதால், மொத்தம் எவ்வளவு என்று சர்வருக்குத் தெரியாது.

அந்த மொத்தத்தை நாம்தான் வைத்திருக்க வேண்டும். பேக்கப் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பெரிய அட்டவணைகளின் பதிவு எண்ணிக்கையை ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். பேக்கப் கோப்பின் அளவை மொத்தமாகக் கொள்ளக்கூடாது: அது சுருக்கப்பட்ட அளவு, காட்சியில் வருவதோ விரித்த பைட்டுகள், பாதி வேலையிலேயே 100 சதவீதத்தைத் தாண்டிவிடலாம். பழைய அட்டவணை வட்டில் பிடித்திருந்த இடத்தோடு ஒப்பிட்டாலும் ஏமாற்றமே, ஏனெனில் திருத்தங்களாலும் நீக்கங்களாலும் உப்பியிருந்த அட்டவணை புதிதாக ஏறும்போது சிறுத்துவிடும். பதிவு எண்ணிக்கையே ஆகக் குறைவாக ஏமாற்றும் அளவுகோல். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பதிவுகள்; காலை 10 மணிக்கு 30 லட்சமும் 10.10க்கு 45 லட்சமும் ஏறியிருந்தால், 10 நிமிடத்துக்கு 15 லட்சம் என்ற வேகத்தில் மீதி 75 லட்சத்துக்கு 50 நிமிடம் ஆகும். தொடக்கத்திலிருந்து சராசரி எடுப்பதைவிடக் கடைசி சில நிமிடங்களின் வேகத்தைக் கொள்வது நல்லது. பிவி என்ற கருவியின் வழியே பேக்கப்பைச் செலுத்தினால் அழகான பட்டை ஒன்று நகரும். ஆனால் அது காட்டுவது முழுக் கோப்பில் எந்த இடம் வரை படித்தாகிவிட்டது என்பதைத்தான், நம் அட்டவணை அதில் எங்கே இருக்கிறது என்பதை அல்ல.

ஒரே நேரத்தில் பல இணைப்புகளில் ஓடும் இணை வேலைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் தரவுப் பகுதி விரைவாகும் என்று எண்ண வேண்டாம். ஓர் அட்டவணையின் தரவை ஒரே இணைப்புதான் ஏற்றும். இண்டெக்ஸ் பகுதியில் அது உண்மையிலேயே உதவும். அங்கே பார்க்கவேண்டியது 12ஆம் பதிப்பில் வந்த பிஜி_ஸ்டாட்_புரோகிரஸ்_கிரியேட்_இண்டெக்ஸ். அட்டவணையைப் படிக்கும் கட்டத்தில் அட்டவணை பிரிந்திருக்கும் துண்டுகளான பிளாக்குகளில் முடிந்தவையும் மொத்தமும் ஒருங்கே தெரிவதால் சதவீதம் போடுவது எளிது. அடுத்துவரும் வரிசைப்படுத்தும் கட்டத்தில் எண்கள் அசையாமல் நிற்கும்; பொறுமையிழந்து பலரும் வேலையைக் கொல்வது இந்த இடத்தில்தான். அதன்பின் இண்டெக்ஸின் மர வடிவக் கட்டமைப்பில் ஏற்றும் கட்டத்தில் பதிவு எண்ணிக்கை மீண்டும் ஓடும். இண்டெக்ஸ் கட்டும் வேலைக்கு நினைவகம் ஒதுக்கும் மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் அமைப்பின் இயல்பு அளவு 64 எம்பி மட்டுமே. சர்வரில் நினைவகம் இருந்தால் இந்தப் பகுதிக்கு முன் அதை உயர்த்துவது நல்லது.

எண்கள் அசையாதது வரிசைப்படுத்தலாலா, வேறு யாரோ பூட்டு வைத்திருப்பதாலா என்று ஒவ்வோர் இணைப்பும் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பிரித்தறியலாம். காத்திருப்பின் வகை 'லாக்' (Lock, பூட்டு) என்றிருந்தால், பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற செயற்கூறு யார் தடுக்கிறார் என்று சொல்லிவிடும். சர்வரின் நிகழ்வுக் குறிப்புக் கோப்பில் (log) நேரத்தைப் பார்ப்பவர்கள், சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதினால் அது மொரிஷியஸ் நேரத்துக்கு 4 மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இரண்டு செய்திகள். 8.0 பதிப்பில், அட்டவணைகளைப் பற்றிய விவரங்களைத் தரும் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா காட்டும் பதிவு எண்ணிக்கை தோராயமானது. அதோடு இயல்பாக 86,400 நொடிகள், அதாவது ஒரு நாள், பழைய மதிப்பே தேங்கி நிற்கும் என்பதால், அந்தக் காலக்கெடுவைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். மேலும் மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கருவி எடுத்த பேக்கப்பிலிருந்து ஏறும் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு முறை) அட்டவணையில் இண்டெக்ஸ்களும் பதிவுகளுடனேயே வளர்வதால், போகப்போக வேகம் குறையக்கூடும். முதல் பாதியை வைத்துப் போட்ட கணக்கு சற்றே நம்பிக்கை மிகுந்ததாக இருக்கும்.

காட்சிகள் வெறுமையானதும் மீட்பு முடிந்துவிட்டதாகக் கொள்ளாமல், இப்போது பதிவுகளை எண்ணிக் குறித்துவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். சீக்வென்ஸின் மதிப்பு ஆகப் பெரிய பில் எண்ணுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுகளை உண்மையான தரவுத்தளத்துக்கு மாற்றி, நீக்கிவைத்த அயல் சாவிகளைச் சேர்த்தபின், அங்கே அட்டவணையின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டுக் கடைக்காரர்களை உள்ளே விடலாம்.