இலைத்துளைப்பான் ஈ: கோட்டைக் கண்டதும் செய்யக் கூடாதவை

ஓமலூர்ப் பக்கம் தக்காளியும் அவரையும் மாற்றி மாற்றிப் பயிரிட்டு வருகிறேன். இந்தப் பட்டத்தில் முதன்முறையாகத் தக்காளி நட்டிருக்கும் பக்கத்து வயல் இளைஞர்கள் இருவர், இலையில் வெள்ளைக்கோடு விழுந்ததும் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கும்போது, நான் செய்த அதே தவறு அதே வரிசையில் நடப்பது மனத்தை உறுத்துகிறது. நீர் பாய்ச்சுவதிலும் உரம் வைப்பதிலும் நேரும் பிழைகளைச் செடியே காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை.

வெறுங்கோட்டுக்கு மருந்து அடித்தல்

கோடு என்பது புழு அன்று. புழு நடந்துபோன வழி. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாததால்தான் என் முதல் தக்காளி கெட்டது.

லிரியோமைசா டிரைஃபோலி என்னும் இந்த ஈ அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவி, 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள, மஞ்சளும் கறுப்பும் கலந்த பூச்சி. பெண் ஈ இலையின் தோலுக்கடியில் முட்டையைச் செருகுகிறது. இரண்டு முதல் ஐந்து நாள்களில் பொரிக்கும் புழு, இலையின் மேல்தோலைக் கிழிக்காமல் அதற்கு அடியிலுள்ள பச்சையத்தை மட்டும் தின்றுகொண்டே நகர்கிறது. நூல்போலத் தொடங்கும் கோடு, புழு பருக்கப் பருக்க அகன்றுகொண்டே போகிறது. முழு வளர்ச்சி அடைந்த புழு, அகன்ற முனையில் பிறை வடிவில் தோலைக் கிழித்து வெளியேறி, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிவிடுகிறது. ஆனால் அது விட்டுச்சென்ற கோடு, அந்த இலை காய்ந்து உதிரும் வரை அப்படியே இருக்கும்.

இது தெரியாமல் நான் கோடு மறையும் மறையும் என்று காத்திருந்தேன். முதல் தெளிப்புக்குப் பின்னும் கோடு இருந்ததால், மருந்தின் வீரியம் போதவில்லை என்று எண்ணி, கடைக்காரர் கொடுத்த பைரித்ராய்டு மருந்தை ஒரு வாரத்திற்குள் மறுபடியும் அடித்தேன். பிறகு வேறொன்றைக் கலந்து மூன்றாம் முறையும் அடித்தேன். காலியான வீட்டுக் கதவைத் தட்டியதற்குச் சமமான வேலை அது. இலைக்குள் மீதமிருந்த புழுக்களையும், மேலே பட்டு நிற்கும் அந்த மருந்து சரியாக எட்டவில்லை. எட்டியது, அந்தப் புழுக்களைத் தேடி இலைமேல் நடந்துகொண்டிருந்த சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைத்தான். இலைத்துளைப்பானின் புழுமீதோ புழுவுக்குள்ளோ முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவிகள் பல உண்டு. ஹெமிப்டார்செனஸ், நியோகிரைசோகாரிஸ் ஆகிய பேரினங்களைச் சேர்ந்தவை நம் நாட்டு வயல்களிலேயே இருக்கின்றன. கூலியின்றி உழைத்த அவை அழிந்ததும், அடியிலைகளோடு நின்றிருந்த கோடு கொழுந்து வரை ஏறியது. இலைகள் காய்ந்து உதிர, மறைப்பு இல்லாத காய்கள் சித்திரை வெயிலில் வெளுத்து வெந்தன. செலவழித்த மருந்துப் பணத்தைவிட, நானே குளவிகளைக் கொன்றேன் என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

ஆகையால் தெளிப்பானைத் தொடும் முன், வயலின் பல இடங்களிலிருந்தும் கோடு விழுந்த இலைகளைப் பறித்து, ஒவ்வொன்றையும் சூரியனுக்கு எதிரே பிடித்துக் கைலென்ஸால் அகன்ற முனையைப் பார்க்க வேண்டும். அங்கே பிறைக் கிழிசல் இருந்தால் புழு போய்விட்டது. மஞ்சள் நிறப் புழு அசைந்து தின்றுகொண்டிருந்தால் உயிரோடு இருக்கிறது. புழு பழுப்பு நிறமாகி அசையாமல் கிடந்தால், பெரும்பாலும் குளவி தன் வேலையை முடித்திருக்கிறது. ஐயம் நீங்காதவர்கள் சில இலைகளை, காகிதம் விரித்த கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைக்கலாம். வெளிவருவது ஈயா, குளவியா என்பது சில நாள்களில் தெரிந்துவிடும். உயிருள்ள புழுக்கள் மிகுந்திருந்து, செடியும் இளஞ்செடியாக இருந்தால் மட்டுமே தெளிப்பைப் பற்றி யோசிப்பேன். அப்போதும் வேப்பங்கொட்டைச் சாற்றில்தான் தொடங்குவேன். வளர்ந்த தக்காளி, அடியிலைகளில் விழும் சில கோடுகளைத் தாங்கிக்கொள்ளும்.

புள்ளிகளைக் கண்டு பதறுதல்

பெண் ஈ சாறு குடிப்பதற்காகவும் இலையைக் குத்துகிறது; குத்தும் திறனற்ற ஆண் ஈயும் அந்தத் துளைகளிலேயே குடிக்கிறது. இப்படிக் குத்திய இடங்களில் விழும் வெள்ளைப் புள்ளிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில்தான் முட்டை இருக்கும்.

தக்காளியை மட்டும் பார்த்தல்

இந்த ஈக்குத் தக்காளி பல உணவுகளில் ஒன்றுதான். 20-க்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் இது வாழ்கிறது. அவற்றுள் சூரியகாந்திக் குடும்பம், பயறு வகைகள், பூசணி வகைகள், கத்தரிக் குடும்பம் ஆகியவற்றை மிகவும் விரும்புகிறது. வாழப்பாடிப் பக்கம் ஒரு நண்பரின் வயலில், தக்காளியைப் பலமுறை சுற்றிவந்த பிறகுதான், வரப்போரம் நின்ற ஆமணக்கின் அகன்ற இலைகளில் இடமின்றிக் கோடுகள் ஓடியிருப்பதைக் கண்டோம். தட்டைப்பயறு, அவரை, பீர்க்கை, வெள்ளரி, சாமந்தி, வாய்க்காலோர மணத்தக்காளி எல்லாம் இதற்கு வீடுதான். முடிந்துபோன அவரைக் கொடியைப் பிடுங்காமல் விட்டு, அதை ஒட்டியே தக்காளி நாற்று நடுவதைக் காணும்போது என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

பறித்த இலையை வரப்பில் போடுதல்

புழு அங்கிருந்தும் மண்ணுக்குப் போய்விடும். பையில் கட்டி அகற்றுங்கள்.

மஞ்சள் ஒட்டட்டையை ஆள் உயரத்தில் கட்டுதல்

ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய இந்த மஞ்சள் அட்டையைச் செடியின் உச்சி மட்டத்தில் கட்டுங்கள்.

ஏற்காட்டுக் கணக்கை அடிவாரத்தில் போடுதல்

செலரிச் செடியில் செய்த ஆய்வில், முட்டையிலிருந்து ஈயாக வெளிவர 35 பாகை செல்சியஸில் 12 நாள்களும், 20 பாகையில் 26 நாள்களும், 15 பாகையில் 54 நாள்களும் ஆயின. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மார்கழிக் குளிரில் ஒரு தலைமுறை முடிவதற்குள், கோடையில் சேலத்துச் சமவெளியில் இரண்டு மூன்று தலைமுறைகள் முடிந்துவிடக்கூடும். மலைத் தோட்டத்தில் மாதம் ஒருமுறை இலை பார்த்துப் பழகியவர், கீழே வாரம் இருமுறை பார்க்க வேண்டும்.

ஆரஞ்சுக் கொழுந்துக்கும் இதே ஈயைக் குற்றம் சொல்லுதல்

ஏற்காட்டு ஆரஞ்சின் கொழுந்திலைகளில் வெள்ளிபோல மின்னும் வளைகோடுகள் ஓர் அந்துப்பூச்சியின் புழு செய்தவை. அதன் கோட்டில் கழிவு நடுவே ஒற்றை இழையாக ஓடும்; அந்தப் புழு மண்ணுக்கும் இறங்குவதில்லை, இலையோரத்தை மடித்துக்கொண்டு அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. ஈயின் கோட்டிலோ கழிவு இரு ஓரங்களிலும் மாறி மாறிக் கறுப்பு இழைகளாகத் தெரியும்.