தேய்ந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகினால் அடைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம். பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்கள் தெரியாமல் செய்யும் தவறுகளே இங்கே.

மெஷின் போட்டு மொத்த ஆயிலையும் ஒரே நாளில் மாற்றுவது

எத்தனை முறை சொன்னாலும் இது நின்றபாடில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஆயிலே மாற்றாத வண்டி. கியர் மாறும்போது ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) எகிறுகிறது, வண்டியின் வேகம் ஏறுவதில்லை. உரிமையாளர் பதறிப்போய் பிரஷர் மெஷினில் விட்டுப் புது ஆயில் ஏற்றுகிறார். சில நாளில் ரிவர்ஸே பிடிப்பதில்லை.

ஆர்பிஎம் எகிறுவது பெரும்பாலும் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு தேய்ந்ததால், அல்லது ஆயில் அழுத்தம் குறைந்ததால். தேய்ந்த பூச்சைப் புது ஆயில் வளர்த்துத் தராது. ஆனால் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு மெஷினின் அழுத்தத்தில் பெயர்ந்து, ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வ் பாடியின் நுண்துளைகளிலும், மின்சாரத்தில் இயங்கும் சிறு வால்வுகளான சொலினாய்டுகளிலும் போய் அடைக்கலாம். அடைத்தால் அழுத்தம் இன்னும் குறையும். மிச்சமிருக்கும் பூச்சும் கருகும்.

முதலில் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை இருந்தால் இயல்பு. உலோகச் சீவலும் கருப்புத் துகளும் குவிந்திருந்தால் ஆயிலுக்குச் செலவழிக்க வேண்டாம். ஓவர்ஹாலுக்கு, அதாவது கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்துச் சரிசெய்ய, பணம் சேருங்கள். நிலைமை நன்றாக இருந்தால் ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி, வந்த ஆயிலை அளந்து அதே அளவு விடுங்கள். என்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் பழையது தங்கியிருக்கும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் இறக்கி ஊற்றுங்கள். மொத்தம் 7 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் ஒவ்வொரு முறையும் 3 லிட்டர் மாற்றினால், மூன்றாவது முறையில் ஏறக்குறைய 80 சதவீதம் புதிதாகிவிடும். இடையில் கியர் மாறுவது மோசமானால் அங்கேயே நிறுத்தலாம். மெஷினில் அந்த வாய்ப்பே இல்லை.

ஆயில் சூடேறாமல் அளவு பார்ப்பது

சூடானால் ஆயில் விரியும். குளிர்ந்த நிலையில் ‘குறைகிறது’ என்று நினைத்து ஊற்றினால், சூடேறியதும் அளவு மீறும். சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது, கிளட்ச் வழுக்கும். என்ஜின் ஓடும்போது பார்ப்பதா, நிறுத்திய பிறகா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ ஆயில்

வேண்டாம். டயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1 ஆயில்கள் இரண்டும் சிவப்புதான். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றல்ல. பெல்ட்டில் ஓடும் சிவிடி வகை கியர்பாக்ஸுக்குச் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அறவே ஆகாது.

ரேடியேட்டரை மறந்துவிடுவது

பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயில் ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்கிறது. அந்தக் குழாய் அரித்தால் கூலன்ட் கலந்து, ஆயில் ஸ்ட்ராபெரி பால் நிறமாகும். தண்ணீர் பட்டால் கிளட்ச் தகடுகளின் பூச்சை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். அந்த நிறம் கண்டால் வண்டியை ஓட்டாதீர்கள்.

உருளும்போதே ரிவர்ஸிலிருந்து ‘டி’

முழுதாக நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

சரிவில் வெறும் ‘பார்க்’

வண்டியின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு பல்லில் தொங்கும். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், ஹேண்ட்பிரேக். காலை எடுத்து எடை அதில் இறங்கியதும் மறுபடி பிரேக் மிதித்து பார்க்.

கயிறு கட்டி இழுப்பது

ஆயில் பம்ப்பைச் சுற்றுவது என்ஜின். அது நின்றிருக்கையில் சக்கரம் சுழன்றால் உள்ளே ஆயில் ஓடாது. ஓட்டும் சக்கரங்களைத் தூக்கி, அல்லது வண்டியை மேலே ஏற்றி எடுத்துச் செல்லுங்கள்.