பூனை உரசினால் உடனே தூக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்து மக்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளுக்குப் போனபோது, பூனைகள் பல அங்கேயே தங்கிவிட்டன. அவற்றுக்குச் சோறு வைக்கப் புதிதாகப் பிள்ளைகள் வருவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் தொடங்கிய காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். வாலை இழுக்கக் கூடாது, தூங்கும்போது சீண்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விடுவோம்.

உரசியதும் தூக்குவது

இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. பூனையின் கன்னம், நெற்றி, தாடை, வாலின் அடி ஆகிய இடங்களில் மணச் சுரப்பிகள் உண்டு. கூட்டமாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசி மணத்தைக் கலந்துகொள்ளும். நம் காலில் உரசுவதும் அதே உறவுதான். நம்மைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்கிறது. தூக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

செம்பனை ஆலைக்குப் பின்னால் ஒரு சாம்பல்நிறப் பெட்டை இருந்தது. பல நாள் தள்ளியே நின்று சாப்பிட்டது, ஒரு மாலை நெருங்கி வந்து உரசியது. "அண்ணே, தானா வருது பாருங்க!" என்று புதிய தம்பி குனிந்தான். "விடு தம்பி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அள்ளி அணைத்துவிட்டான். கையைக் கீறிவிட்டு அது கால்வாய்க்குள் பாய்ந்தது. அடுத்த வாரம் கருத்தடைக்குக் கொண்டுபோக நினைத்திருந்தோம். அப்புறம் அதைப் பிடிக்க வைத்த கூண்டுப் பக்கமே அது வரவில்லை. பூனைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய இரண்டே மாதம். மறுபடி கண்ணில் பட்டபோது பின்னால் குட்டிகள் நடந்து வந்தன. அவற்றில் சில அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

குட்டிப் பருவத்தில் 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை பழகாத பூனைக்குப் பிறகு நம்பிக்கை மெல்லத்தான் வரும். வந்ததை ஒரே நொடியில் கெடுத்துவிடலாம். அதனால் பக்கவாட்டில் உட்கார்ந்து, மூக்கின் உயரத்தில் ஒரு விரலை நீட்டுங்கள். கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்தையும் தாடைக்குக் கீழும் மெதுவாகச் சொறியுங்கள். சில நொடியில் கையை எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் அதுவே மறுபடி முட்டும். காது பக்கவாட்டில் மடங்கினாலோ, முதுகுத் தோல் துடித்தாலோ, வால் அடித்துக்கொண்டாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

உற்றுப் பார்ப்பது

பாசத்தோடு பார்த்தாலும் அதற்கு மிரட்டலாகவே படும். கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறங்கள். சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்தார்கள். அப்படிச் செய்தவரின் நீட்டிய கையைப் பூனைகள் கூடுதலாக நெருங்கின. பதிலுக்குத் தாமும் கண்ணைச் சுருக்கின.

வயிறு

காட்டினால் நம்புகிறது. தொடாதீர்கள். கடி பட்டால் அன்றைக்கே கிளினிக் போங்கள், கோரைப்பல் ஆழமாக இறங்கும்.

குர்ர் என்றாலே சுகம் என்று நினைப்பது

வலியிலும் அப்படிச் சத்தம் போடும். சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாலைத் தவறாகப் படிப்பது

வாலை நிமிர்த்தி வருவது நட்பான வணக்கம். ஆனால் நம் ஊர்ப் பூனைகள் பலவற்றுக்கு வால் குட்டை, நுனியில் முடிச்சு வேறு. மலாய்த் தீவுகளின் பூனைகளைப் பற்றி டார்வினே 1868இல் இதை எழுதியிருக்கிறார். நுனி வளைந்திருப்பதால் பயந்திருக்கிறது என்று புதியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். வாலின் அடியைப் பாருங்கள். அது மேலே தூக்கியிருந்தால் உங்களைத் தேடித்தான் வருகிறது.