டர்பனிலிருந்து டிரெய்லர் இழுக்க எந்த பக்கி (பிக்கப் வண்டி)?

விளம்பரத்தில் இழுவை வரம்பென்று போடும் 3,500 கிலோ, பிரேக் உள்ள டிரெய்லருக்கான கணக்கு. பிரேக் இல்லாததற்கு வழக்கமாக 750 கிலோதான். டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் சாதாரண பி (கார்) லைசென்ஸ் போதாது, கனமான டிரெய்லருக்கான ஈபி வேண்டும்.

பழைய பக்கி வாங்கும்போது டோபாரில் (டிரெய்லர் மாட்டும் பின்கம்பி) உள்ள தகட்டைப் படியுங்கள். கொக்கியில் இறங்கும் பாரத்துக்கும் அதில் வரம்பு உண்டு. 1,000 கிலோ டிரெய்லரென்றால் கொக்கியில் 50 முதல் 100 கிலோ இறங்கவேண்டும். சரக்கை ஏற்றி, டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, அதன் முன்முனைக்கடியில் குளியலறைத் தராசும் ஒரு கட்டையும் வைத்தால் தெரிந்துவிடும். அந்தப் பாரம் குறைந்தால் டிரெய்லர் வால் போல ஆடும். கூடினால் பக்கியின் பின்பக்கம் அமுங்கி, ஸ்டியரிங் லேசாகிவிடும். சரக்கை முன்னே பின்னே தள்ளினாலே பாதி சரியாகும். கனமான ஸ்பிரிங் அப்புறம். அது இழுவை வரம்பைக் கூட்டாது.

ஆட்டோமேட்டிக்கா? முதல் செலவு கியர் ஆயில் கூலருக்கு. டர்பன்–ஜோஹானஸ்பர்க் சாலையிலுள்ள வான் ரீனன் கணவாயில் இறங்கும்போது சிறிய கியரில் வாருங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காது.