“நீங்க உக்காருங்க தாத்தா”

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்குக் காலைப் பயிற்சி நடத்துகிறேன். உதவிக்கு வரும் பிள்ளைகள் என் பழைய தவறுகளையே செய்கிறார்கள். வழுக்கும் செருப்பு, வெறும் வயிறு பற்றியெல்லாம் அவர்களுக்கே தெரியும், விடுங்கள்.

உட்கார வைப்பது

போன வாரம் ஒரு பெண், எழுந்து நின்ற தாத்தாவிடம் “நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. இதே வார்த்தையை நான் அப்பாவிடம் சொன்னவன்.

அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் போட்டால் மேடு பள்ளம் பார்க்க மாட்டார். வேலையை விட்டபின் முட்டி வலி என்றார். நாற்காலி போட்டேன், தே தாரிக் என்னும் இழுத்த டீயைக்கூடக் கையில் கொடுத்தேன். ஒரே மாதத்தில், இரண்டு கைப்பிடியையும் அழுத்தினால்தான் எழ முடிந்தது. பாத்ரூம் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்று நானும் நம்பினேன்.

தசை செல்லுக்குச் சக்தி தரும் பொருள் ஏடிபி. இருப்பில் உள்ளது சில விநாடிக்குத்தான் வரும். மீதியை செல்லுக்குள் இருக்கும் சக்தி ஆலையான மைட்டோகாண்ட்ரியா அவ்வப்போது செய்து கொடுக்க வேண்டும். வயது ஏற ஏற அதன் அளவும் வேகமும் குறையும், பழுதானதைக் கழித்துப் புதியதைக் கட்டுவதும் மந்தமாகும். ஆனால் அந்த இறக்கத்தில் நல்ல பங்கு சும்மா உட்காருவதால் வருகிறது. சக்தி கேட்க ஆளில்லை என்றால் செல் எதற்குக் கட்டப்போகிறது?

1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஓர் ஆய்வுக்காக 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்க வைத்தார்கள். உழைக்கும்போது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சரிந்தது. 30 வருஷம் கழித்து அதே ஐவரைச் சோதித்தால், அந்த 3 வாரம் செய்த அளவு சேதத்தை 30 வருஷ வயது செய்திருக்கவில்லை!

அப்புறம்தான் நாற்காலியிலேயே எழுந்து உட்காரும் பயிற்சியை அப்பாவுக்கு ஆரம்பித்தேன். முதல் நாள் மூன்று முறை, அதுவும் திட்டிக்கொண்டே.

நடை போதும் என்பது

நடை மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லது. ஆனால் வயதில் அதிகம் சுருங்குபவை சட்டென்று வலுவோடு இயங்கும் வேகத் தசை இழைகள், அவற்றுக்குப் பளு வேண்டும். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் காலால் எடை தூக்கினார்கள். கால் வலு இரண்டு மடங்கைத் தாண்டியது.

முதல் நாளே அதிகம்

மறுநாள் பாட்டி வரமாட்டார்.

சக்திப் பவுடர்

பயிற்சிக்குப் பதில் என்று விற்றால், வேண்டாம்.

நெஞ்சு அடைத்தாலும் தொடர்வது

அப்போது மட்டும் உட்கார வையுங்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.