அமைச்சராக இருந்தவரின் அரசியல் வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி? கக்கனை வைத்து ஒரு பயிற்சி

வென்ற தேர்தல்களை வரிசையாக எழுதி, கடைசியில் 'முன்னாள் அமைச்சர்' என்று சேர்த்துவிட்டால் போதாது. எந்த இலாகா, எந்த நாள் முதல் எந்த நாள் வரை அவரிடம் இருந்தது என்பதுதான் முக்கியம். அது தெரியாமல் அவருடைய சாதனையையும் பேச முடியாது, குறையையும் பேச முடியாது.

முதலில் ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: காலம், அவை, தொகுதி, இலாகா, ஆதாரம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி வரி. ப. கக்கன் 1952 முதல் 1957 வரை மதுரையின் மக்களவை உறுப்பினர். 1957-இல் மேலூரில் வென்று சட்டமன்றம் வந்தார். காமராஜர் அமைச்சரவையில் மின்சாரம் நீங்கலாகப் பொதுப்பணித் துறை கிடைத்தது. 1962-இல் வேளாண்மை. 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதல்வரானதும் உள்துறை. 1967-இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ. பி. ராமனிடம் தோற்றார்.

பலர் இதைச் சுருக்கி 'பத்தாண்டு உள்துறை அமைச்சர்' ஆக்கிவிடுகிறார்கள். வைகை அணை திறக்கப்பட்ட 1959-இல் அவரிடம் இருந்தது பொதுப்பணி. இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்த 1965-இல் உள்துறை. இரண்டையும் ஒரே வரியில் அடைத்தால் அந்த மனிதரின் பொறுப்பே மறைந்துபோகும். உள்துறை என்று பார்த்ததும் காவல்துறையும் அவரிடமே இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். முதல்வர்கள் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்வது உண்டு. இலாகா ஒதுக்கீட்டு அறிவிப்பைப் பார்த்தே எழுத வேண்டும்.

தொகுதி, வாக்கு விவரங்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் போதும். ஆனால் 1952, 1957 தேர்தல்களில் கவனம் தேவை. 1957 மேலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்கு, வென்றவர்களும் இருவர். முதல் இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தை 'வெற்றி வித்தியாசம்' என்று எழுதினால் தப்பு. ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், வென்ற ஒவ்வொருவரையும் அவருடைய இடத்தைப் பெறத் தகுதி இருந்து தோற்றவர்களில் அதிக வாக்கு வாங்கியவரோடுதான் ஒப்பிட வேண்டும். இரட்டை உறுப்பினர் முறை 1961-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இலாகாத் தேதிகளுக்கு அரசிதழும், பேரவைச் செயலகம் வெளியிட்ட உறுப்பினர் விவர நூல்களும் வேண்டும். நாளிதழை மட்டும் நம்பினால் பதவியேற்பு ஒரு நாள் தள்ளிப்போகும், செய்தி மறுநாள்தான் அச்சாகும். அமைச்சரான நாளில் அவர் உறுப்பினராக இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. அரசியலமைப்பின் 164(4) பிரிவு ஆறு மாத அவகாசம் தருகிறது. காமராஜரே 1954 ஏப்ரலில் முதல்வராகி, பிறகுதான் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றார். மாநிலத்தின் பெயரையும் அந்தந்தக் காலப்படியே எழுதுங்கள்: 1969 ஜனவரி 14 வரை அது சென்னை மாநிலம்.

அடுத்தது அவர் செய்த வேலை. ஆண்டுதோறும் நடக்கும் மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்பது) விவாதத்தில் அமைச்சரின் பதிலுரையைப் பேரவை நடவடிக்கைத் தொகுதிகளில் தேடுங்கள். எதிர்க்கட்சியினர் கேட்ட கேள்விகளையும் கூடவே படியுங்கள். எங்கே நெருக்கடி இருந்தது என்பது அங்கேதான் தெரியும். அரசாணைகளில் அமைச்சர் பெயர் பொதுவாக இருக்காது. ஆளுநரின் ஆணைப்படி என்று சொல்லித் துறைச் செயலாளர் கையெழுத்திட்டிருப்பார். ஆணையின் தேதியை உங்கள் ஐந்து கட்டத் தாளோடு பொருத்திப் பார்த்தபின், அவர் பொறுப்பில் இருந்தபோது வந்த ஆணை என்று மட்டும் எழுதுங்கள். 'அவர் போட்ட ஆணை' என்று எழுதப் பேரவைப் பேச்சிலோ கோப்பிலோ தனிச் சான்று வேண்டும்.